இரண்டு கையெழுத்து வேண்டிய சொல்

எக்ஸ்ரே அறையில் அவளுக்கு நாள் முழுக்க இரண்டே வாக்கியம். மூச்சை இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க. பதினெட்டு வருடமாக ஊரார் நெஞ்செலும்பையெல்லாம் பார்த்தவளுக்குத் தன் நெஞ்சில் கிடந்ததைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

சின்ன வயதில் அவளும் தங்கையும் தங்களுக்கென்று ஒரு பாஷை கட்டினார்கள். அம்மாவின் எதிரிலேயே அம்மாவைக் குறை சொல்லத்தான், வேறெதற்கு? கோடு போட்ட நோட்டில் நானூற்றுப் பதினேழு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கையெழுத்து. ஒருத்தி மட்டும் போட்டால் சொல் செல்லாது.

அப்பாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டது என்ற பேச்சில் வார்த்தை தடித்து, ஆறு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன வாரம் ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் மழை விட்ட வெயிலைப் பார்த்தவள், “இங்க பாருடி” என்று திரும்பினாள். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

அன்றே நோட்டைத் தேடியெடுத்து ஒரு வினைச்சொல் எழுதினாள்: தொமிலு. நல்லதைப் பார்க்கும்போது இன்னார் இல்லையே என்று மனம் அடித்துக்கொள்வது. இலக்கணமும் வகுத்தாள். அந்த வினையைச் செய்பவர் ஏங்குகிறவர் அல்ல, அங்கே இல்லாதவர். அதனால் ‘நான்’ என்று தொடங்க முடியாது. ‘நீ’ என்றுதான் தொடங்க வேண்டும். இறந்தகாலம் கிடையாது. முடிந்தால்தானே இறந்தகாலம்?

தன் கையெழுத்தைப் போட்டு, தங்கைக்கு இடம் விட்டு, பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். விளக்கமும் அந்தப் பாஷையிலேயே. தமிழில் ஒரு வார்த்தை இல்லை. பார்த்துவிட்டதாக நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், வெளியே நோயாளிகள் வரிசையில் இருக்கும்போதே, போன் வந்தது.

“அக்கா, நீ எழுதுனதுல ஒண்ணுமே புரியலக்கா. அந்த பாஷையெல்லாம் மறந்துபோச்சு. திட்டித்தான் எழுதியிருக்கியோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்.”

அப்படியானால் அந்தப் பாஷைக்கு இனி அவள் ஒருத்திதான்.

“என்னதான்க்கா எழுதியிருக்க? தமிழ்ல சொல்லேன்.”

கட்டிய பாஷையில் மணிமணியாக எழுதியவளுக்குச் சொந்தப் பாஷையில் நாக்கு எழவில்லை. அறைக் கதவைச் சாத்தினாள்.

“நல்லது எதைப் பாத்தாலும் நீ பக்கத்துல இல்லையேன்னு இருக்குடி. ஒரு தடவை வந்துட்டுப் போயேன்.”

“ஏன்க்கா, இதச் சொல்ல ஆறு வருஷமா?” என்று தங்கை விம்மினாள். தங்கையும்தான் ஆறு வருடமாகச் சொல்லவில்லை. அதை இவள் சொல்லிக்காட்டவில்லை.