கழுவாமல் தின்னச் சொன்ன காய்

ஊரே மண்ணை நம்பிப் பிழைக்கும்போது ஒருத்தி மட்டும் மண்ணே வேண்டாம் என்று மாடி ஏறினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசாமல் இருப்பார்களா? காமயகவுண்டன்பட்டியில் உமாதேவியைப் பற்றிப் பேசத்தான் செய்தார்கள். புருஷன் ஒச்சாண்டிக்கு மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை இருக்க, இவள் மொட்டை மாடியில் இருபது பக்கெட்டில் குடைமிளகாய் வளர்க்கிறாளாம், அதுவும் தண்ணீரிலேயே வளர்க்கிறாளாம் என்று பொம்பளைகள் மாடிப்படி ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கெட்டில் இருந்தது தேங்காய் நார்த்தூள். மூலையில் ஒரு டிரம், அதற்குள் சின்ன மோட்டார், செடிக்கொரு டியூப். சத்தெல்லாம் உப்பாகத் தண்ணீரில் கரைந்து சொட்டுச் சொட்டாகப் போய்ச் சேரும். கேட்கச் சுலபம்தான்.

முதல் வருஷம் சித்திரையில் வைத்தாள். பள்ளத்தாக்கு வெயில் அவளை ஒரு வழி பண்ணிவிட்டது. டிரம்மில் தண்ணீர் பிள்ளை பெற்றவளுக்குக் குளிக்க ஊற்றுகிற பதத்துக்குச் சுட்டது. வேர் பழுத்து அழுகியது. பூ பூவாக எடுத்து, ஒன்று விடாமல் உதிர்ந்தது. மறுவருஷம் புத்தி வந்து ஐப்பசியில் நாற்று விட்டாள். மேலே பச்சை வலை கட்டினாள், டிரம்முக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தாள், பெரிய பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்துப் பதினொரு மணிக்கு இரண்டு, இரண்டு மணிக்கு இரண்டு என்று டிரம்முக்குள் போட்டாள். வலைக்குள் தேனீ வராது என்பதால் ஒவ்வொரு பூவையும் விரலால் சுண்டிவிட்டாள். “மீன் வைக்க பிரிட்ஜுல எடமில்ல, மொளகாய்க்கு ஐஸ் வைக்கிறா” என்று ஒச்சாண்டி சொல்லாத ஆளில்லை. ஆனாலும் அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

உமாதேவி சுபாவத்திலேயே பயந்தவள். கரண்டு போனால் பயம், குரங்கு வந்தால் பயம், இலை லேசாகச் சுருண்டால் பயம். எல்லாவற்றுக்கும் மேலாக மருந்துக்குப் பயம். இந்தப் பக்கம் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது அப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும். முதலில் வருவது திராட்சைக்கு அடிப்பது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாடையை ஒச்சாண்டியின் சட்டையில் துவைத்துத் துவைத்து அலுத்துப்போனவள் அவள். அதனால் மாடிக்கு ஒரே சட்டம்தான் போட்டிருந்தாள். ஒரு சொட்டு மருந்து அங்கே படக்கூடாது. பூச்சி வந்தால் வேப்பெண்ணெய், அதுவும் சோப்புத் தண்ணீரில்.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முதல் பறி பறித்தாள். ஆறு காய். உள்ளங்கைக்கு அடங்காத, பளபளவென்ற பச்சைக் காய்கள். தோலில் அங்கங்கே வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிந்தது. உப்புத் தண்ணி பட்டுக் காய்ந்திருக்கும் என்று முந்தானையில் துடைத்தாள். அந்த வீட்டில் எது விளைந்தாலும் முதல் பறி அங்கே பிறந்த பெண்ணுக்குத்தான் போகும். திராட்சையானாலும் முருங்கையானாலும் அப்படித்தான். பிறந்த பெண் என்றால் ஒச்சாண்டியின் தங்கை ஹேமாவதி. மார்க்கையன்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் சுரேஷ்கண்ணனுக்கு லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவனைப் போனில் பிடித்து, வீட்டுப் பக்கம் வரச் சொல்லி, ஏழு மணிக்குப் பையைக் கொடுத்துவிட்டாள். பிறகு ஹேமாவதிக்குப் போன் போட்டாள். அந்தப் பேச்சை நினைத்து அவள் பின்னால் எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

“ஹேமா, கடைக்காய் மாதிரி நெனச்சுறாத. மருந்துங்கிற பேச்சே கெடையாது. கழுவக்கூட வேணாம்டி, அப்படியே கடிச்சுத் தின்னு.”

“அதேன் மதினி எனக்கும் வேணும். சமைச்ச வாடையே ஆகமாட்டேங்குது. பச்சையா எது குடுத்தாலும் எறங்குது” என்றாள் ஹேமாவதி.

ஹேமாவதிக்கு அப்போது ஐந்து மாதம். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் இது மூன்றாவது. முதலாவது மூன்றாம் மாதத்தில் போனது, இரண்டாவது நாலாம் மாதத்தில் போனது. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உமாதேவிதான். இந்தத் தடவை கண்பட்டுவிடும் என்று வெளியில் சொல்லாமலே வைத்திருந்தார்கள்.

ஒன்பதரை மணிக்குத் தோட்டத்தில் இருந்த ஒச்சாண்டிக்குப் போன் போட்டாள். சாப்பாட்டுக்கு எப்போது வருவார் என்று கேட்கத்தான். கேட்டுவிட்டு, பெருமை தாங்காமல் முதல் பறி பறித்துவிட்டதைச் சொன்னாள்.

“பாத்தியா, நாங் கை வச்சதும் காய் தெரண்டுருச்சு” என்று சிரித்தார் அவர். “நேத்துச் சாயங்காலம் நீ கோயிலுக்குப் போயிருந்தேல்ல. மேல போய்ப் பாத்தேன், எலையெல்லாம் சுருண்டு கெடந்துச்சு. தோட்டத்துக்கு அடிச்சது போக டேங்குல மிச்சம் இருந்துச்சு. ரெண்டு சுத்து அடிச்சு விட்டேன்.”

திராட்சைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான் அது. காசு போட்டு வாங்கிய மருந்தைத் தரையில் ஊற்ற மனம் வராது. டேங்கின் அடியில் கிடப்பதை வரும் வழியில் முருங்கைக்கோ மல்லிகைக்கோ அடித்துவிட்டுத்தான் டேங்கைக் கழுவுவார்கள். பொண்டாட்டிக்கு ஒத்தாசை செய்ததாகவே ஒச்சாண்டி நினைத்திருந்தார்.

“ஹேமாவுக்குக் குடுத்துவிட்டேங்க” என்றாள் உமாதேவி. “கழுவ வேணாம்னு சொல்லி.”

“போன் போடு. இப்பயே போடு” என்றார் ஒச்சாண்டி. அவர் குரல் அப்படி நடுங்கி அவள் கேட்டதே இல்லை.

போட்டாள். சுரேஷ்கண்ணனின் போன் அணைந்திருந்தது. நைட் ஷிப்ட் பார்த்தவன் வந்ததும் அணைத்துவிட்டுத்தான் படுப்பான். ஹேமாவதியின் போன் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. புருஷன் தூங்கும்போது அவள் சத்தத்தைக் குறைத்து எங்கேயாவது கவிழ்த்துப் போட்டுவிடுவாள் என்பது உமாதேவிக்குத் தெரியும். மாமியார் கஸ்தூரியம்மாளிடம் போனே கிடையாது. பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றையாவது வாங்கி வைத்திருக்கக் கூடாதா, இத்தனை வருஷம் என்ன கிழித்தாய் என்று தன்னைத்தானே வைதுகொண்டே மறுபடி ஒச்சாண்டியைக் கூப்பிட்டாள். மருந்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு நேரே மார்க்கையன்கோட்டைக்கு வரச் சொன்னாள். தோட்டம் எதிர்த்திசையில் நாலு கிலோமீட்டர். அவர் வந்து ஏற்றிக்கொள்ளும்வரை நிற்க அவளால் முடியவில்லை. கதவைப் பூட்டினாளா என்பதுகூட நினைவில்லாமல் டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஓடிப்போய் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். எங்கே போக வேண்டும் என்று கண்டக்டர் கேட்டதற்கு “ஹேமா” என்றாள். அவன் சிரித்தான். அவளுக்கு அழுகை முட்டியது. சின்னமனூர் என்று யாரோ பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், இல்லை அவளே சொன்னாளோ என்னவோ. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் போனையும் பிடித்தபடி மறுபடி மறுபடி அடித்தாள். உத்தமபாளையத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. டிரைவர் இறங்கி டீ குடித்தார். ஆற அமர ஊதி ஊதிக் குடித்தார். அந்த டீ கிளாஸைப் பிடுங்கி எறிய வேண்டும் போல அவளுக்கு வெறி வந்தது.

கண்ணை மூடினால் ஹேமாவதி காயைக் கடிக்கிற சத்தம் கேட்டது. நறுக்கென்ற சத்தம். ஒன்றும் ஆகாது, ஊரே இதைத்தானே தின்கிறது என்று மனசில் ஒரு குரல் சொன்னது. இரண்டு தடவை ஆனதே என்று இன்னொரு குரல் சொன்னது. குலசாமிக்கு என்னென்னவோ வேண்டினாள். பிள்ளைக்கு எதுவும் ஆகிவிட்டால் அந்த மாடியை எந்த முகத்தோடு பார்ப்பது? ஹேமாவதியின் முகத்தைத்தான் எப்படிப் பார்ப்பது? கொடுத்துவிட்ட கையை வெட்டிப் போட்டாலும் தீராதே. ஆசையாசையாகச் செய்தது வினையாக வந்து முடிந்துவிட்டதே.

சின்னமனூரில் ஆட்டோ பிடித்து மார்க்கையன்கோட்டை வீட்டு வாசலில் இறங்கும்போது பதினொன்றே கால். கஸ்தூரியம்மாள் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“வா ஆத்தா! சொல்லாமக் கொள்ளாம வந்திருக்க? எதுக்கு இப்படி வேர்த்து வழியிது?”

உமாதேவி பதில் சொல்லாமல் உள்ளே ஓடினாள். அடுப்படியில் ஹேமாவதி பலகையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தட்டில் இரண்டு காம்பும் கொஞ்சம் விதையும் கிடந்தன. மூன்றாவது காய் பாதி கடித்தபடி கையில் இருந்தது.

“மதினி! நீ சொன்ன மாதிரியே இனிப்பா...”

அவள் முடிப்பதற்குள் உமாதேவி கையைத் தட்டிவிட்டாள். காய் சுவரில் பட்டுத் தெறித்தது. “துப்புடி! வாயில இருக்கிறதத் துப்பு!” என்று கத்தினாள். தூங்கிக்கொண்டிருந்த சுரேஷ்கண்ணன் எழுந்து ஓடிவந்தான். எல்லோர் முன்னாலும் நின்று, அழுதுகொண்டே, ஒன்று விடாமல் சொன்னாள். யார் மேல் பழி வரும் என்றெல்லாம் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை.

ஹேமாவதி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். கஸ்தூரியம்மாள்தான், “இத்தன வருசத்துக்கப்புறம் வந்தது ஆத்தா, இதையும் நாம விட்டுறக் கூடாது” என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்த ‘நாம’வைத்தான் உமாதேவியால் தாங்க முடியவில்லை.

வந்த ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அதிலேயே சின்னமனூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒச்சாண்டியை அங்கேயே வரச் சொல்லி உமாதேவி போன் போட்டாள். டாக்டர் இவாஞ்சலின் வயதில் சின்னவர், பதறாதவர். எத்தனை காய் தின்றாள், எப்போது தின்றாள், வாந்தி உண்டா, எச்சில் ஊறுகிறதா, பார்வை மங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நாடியைப் பார்த்தார். “மருந்து பேரு என்ன?” என்றார். யாருக்கும் தெரியவில்லை. இருபது வருஷமாக அந்தச் சட்டையைத் துவைக்கிறவள், ஒரு மருந்தின் பேர்கூட உமாதேவிக்கு வாயில் வரவில்லை.

அரை மணி நேரத்தில் ஒச்சாண்டி வந்து சேர்ந்தார். தூக்கி எறிந்த மருந்துப் பாட்டிலைத் தோட்டமெல்லாம் தேடி எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். தங்கையின் கட்டிலருகே போகத் தைரியமில்லாமல் வாசலிலேயே நின்றார். டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு யாருக்கோ போன் பண்ணிப் பேசினார். பிறகு ஹேமாவதியை ஸ்கேன் அறைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். உமாதேவியும் கூடவே போனாள். யாரும் தடுக்கவில்லை.

டாக்டர் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தினார். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அப்புறம் கேட்டது. தடதடதடவென்று, அடக்க முடியாத அவசரத்தோடு ஓடுகிற சின்ன இதயம். ஹேமாவதி விசும்பினாள். உமாதேவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“புள்ள நல்லா இருக்கு. அம்மாவுக்கும் இதுவரைக்கும் ஒண்ணும் தெரியல. இருந்தாலும் நாளைக்கு வரைக்கும் இங்கேயே வச்சுப் பாக்கிறேன்” என்றார் டாக்டர். வெளியே வந்ததும் ஒச்சாண்டியிடம் பாட்டிலை நீட்டினார். “தமிழ்லதான் போட்டிருக்கு. இதை அடிச்சா பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் காய் பறிக்கணும். யாரும் படிக்கிறது இல்லையா?”

ஒச்சாண்டி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பாட்டிலை வாங்கினார். சாயங்காலம் கட்டிலருகே வந்து, தங்கையின் காலைத் தொட்டபடி உட்கார்ந்தார். “தெரியாமச் செஞ்சுட்டேன் தாயி” என்றார். கண் கலங்கியிருந்தது. ஹேமாவதியும் திராட்சைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். அவள் கேட்டாள்.

“அண்ணே, தோட்டத்துல பழம் வெட்டு என்னைக்கு?”

“நாளன்னைக்கு” என்றார். “யாவாரி லாரி சொல்லிட்டாரு.”

“இதே மருந்தா?”

“இதேதான்.”

“அந்தப் பழம் எந்த ஊருக்குப் போவுதோ. அங்கன ஒருத்தி மாசமா இருந்தா, மதினி மாதிரி அவளுக்குப் பஸ்ஸேறி ஓடுறதுக்கு ஆளு இருக்காண்ணே?”

உமாதேவிக்குக் காலையில் ஏறிய பஸ் ஞாபகம் வந்தது. இன்று ஒருத்திக்காகப் பட்ட பாடு போதாதா? பேர் தெரியாத ஊரில், முகம் தெரியாத எத்தனை பேர்? பதினைந்து நாள் விட்டால் பழம் கொடியிலேயே வெடித்து உதிர்ந்துபோகும். ஒரு போக உழைப்பு மண்ணுக்குப் போய்விடும். அது அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒச்சாண்டி எழுந்து ஜன்னல் பக்கம் போனார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வியாபாரியின் நம்பரைத் தேடி அழுத்திக் காதில் வைத்தார். ரிங் போகிற சத்தம் கட்டில்வரை கேட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அந்த ஆள் எடுப்பதற்குள் இவர் மனசு மாறிவிடக் கூடாதே என்று, அன்றைக்கெல்லாம் பயந்தது போதாமல், உமாதேவி இன்னொரு முறை பயந்தாள்.