சேர் பக்கம் நிற்க ஒரு சிட்டிகை சோடா

பல் கிளினிக்கில் அசிஸ்டென்ட் வேலைக்கு வரும் பெண்களிடம் கருவிகளின் பெயரைக் கேட்பார்கள், ஸ்டெரிலைசர் ஓட்டத் தெரியுமா என்று கேட்பார்கள். அக்குளைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கு அந்த அசிஸ்டென்ட் வேலை போக இருந்தது அதனால்தான். புதிதாக வருகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

1. கர்ச்சீஃப்

மெட்ரோவுக்காக டில்லி முழுக்கத் தோண்டிக்கொண்டிருந்த வருஷங்கள். டிப்ளமா முடித்த கையோடு சரோஜினி நகரில் ஒரு கிளினிக்கில் சேர்ந்தேன். வீடு கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ். ஆகஸ்ட் மாதப் புழுக்கத்திலும் நடந்தேதான் போவேன்.

பேஷன்ட் சேரில் மல்லாந்து படுத்திருப்பார். வலது பக்கம் டாக்டர் மேடம், இடது பக்கம் நான். ஒரு கையில் எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் குழாய். இன்னொரு கையால் தலைக்கு மேலே இருக்கும் லைட்டைத் திருப்பவேண்டும். கையைத் தூக்கினால் அவர் மூக்குக்கும் என் அக்குளுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் லைட்டும் ஒரு ஃபேனும் ஓடும், ஏசி ஓடாது. அப்படி ஒரு மத்தியானம் சேரில் இருந்த அம்மாள் வாயைத் திறந்தபடியே கர்ச்சீஃபால் மூக்கை மட்டும் மூடிக்கொண்டார். மேடம் அதைப் பார்த்துவிட்டார்.

அந்த அம்மாள் போனதும் என்னைக் கூப்பிட்டார். மேடம் பேசுவது இந்தி, கோபம் வந்தால் பஞ்சாபி. தமிழில் போட்டால் இப்படி வரும்:

"ஏம்மா, குளிச்சிட்டுத்தானே வர்றே?"

"ரெண்டு வேளையும் குளிக்கறேன், மேடம்."

"அப்போ ஏதாவது போட்டுக்கோ. இந்த சேர்ல வலியைக்கூடத் தாங்கிக்குவாங்க, இதைத் தாங்கமாட்டாங்க."

மார்க்கெட்டில் ஒரு ஸ்ப்ரே வாங்கி மறுநாள் தாராளமாக அடித்துக்கொண்டு போனேன். அன்றைக்குப் பல்செட்டுக்கு அளவெடுக்க ஒரு அங்கிள் வந்திருந்தார். இம்ப்ரெஷன் எடுக்கும் மாவை ட்ரேயோடு வாய்க்குள் வைத்தாலே பாதிப் பேருக்குக் குமட்டும். அதோடு என் மல்லிகை வாசனையும் சேர்ந்தது. அங்கிள் மேடத்தின் கோட்டிலேயே வாந்தி எடுத்துவிட்டார்.

"இனிமே இந்த ரூமுக்குள்ள யாருக்கும் சென்ட் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்," என்றார் மேடம், கோட்டைக் கழற்றிக்கொண்டே. "வேர்வை வாடையும் வரக்கூடாது. முடியலைன்னா திங்கட்கிழமையிலேர்ந்து நீ ரிசப்ஷன்ல போன் எடு. சேருக்கு வேற பொண்ணைப் பாத்துக்கறேன்."

போன் எடுப்பது கேவலமில்லை. ஆனால் நான் அடுத்து, பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் கோர்ஸ் படிக்க நினைத்திருந்தேன். சேர் பக்கம் நிற்காதவளுக்கு வாய்க்குள் நடப்பது எப்படித் தெரியும்?

2. அகாடாவில் நிற்பவள்

வாய்ப்புண்ணோடு வருகிறவர்களுக்கு மீட்டா சோடா, அதாவது நம் ஆப்ப சோடா, கலந்த தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வோம். அன்று சாயந்திரம் அந்த டப்பாவைத் துடைத்து வைக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. வேர்வைக்குப் பெரிதாக நாற்றம் கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைத் தின்று அமிலம் விடுகிறது, அதுதான் நாறுகிறது. சோடா அமிலத்தை முறிக்கும். அப்புறம் என்ன?

வீட்டில் சமையலறை அலமாரியைக் குடைந்தேன். அம்மா திருநெல்வேலிக்காரி. டில்லிக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் பேச்சு மாறவில்லை.

"ஏட்டி, ஆப்ப சோடாவை எங்க எடுத்துட்டுப் போற?"

"கக்கத்துல போடப் போறேம்மா."

"ஆப்பத்துக்குப் போடுறத கக்கத்துல போடுவாளா ஒருத்தி? படிச்ச புள்ள செய்ற காரியமா இது?"

படித்த பிள்ளை செய்த காரியம் அதைவிட மோசம். அன்று சாயந்திரம்தான் பார்லரில் வாக்ஸிங் செய்துகொண்டு வந்திருந்தேன். மறுநாள் காலையில் அந்தத் தோலிலேயே சோடாவைக் கை நிறைய அள்ளித் தேய்த்தேன். ஆர்வம் வந்தால் எனக்கு அளவு தெரியாது.

மத்தியானத்துக்குள் தீயாக எரிந்தது. இரண்டு முழங்கையையும் அகட்டி வைத்துக்கொண்டு சக்ஷனைப் பிடித்தேன். மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, அகாடாவுல குஸ்திக்கு நிக்கறியா? கையை இறக்கு."

"இறக்கினா எரியுது, மேடம்."

"எது எரியுது?"

சொன்னேன். வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருந்த பேஷன்ட் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார். மேடம் டிரில்லைச் சட்டென்று வெளியே எடுத்தார்.

ரிசப்ஷனில் இருந்த சுனிதா வெளிப்படையானவள். பக்கத்தில் வந்து மோந்தே பார்த்தாள். "வாடை துளிகூட இல்லை. ஆனா நீ இறக்கையைத் தூக்கிட்டு நடக்கற கோழி மாதிரி இருக்கே."

கோழி என்றது எனக்கு உறைக்கவே இல்லை. வாடை இல்லை என்கிறாளே! சூத்திரம் சரி, அளவுதான் தப்பு.

3. கார்ன்ஃப்ளோர்

அக்குளைக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, இரண்டு நாள் எதுவும் போடாமல் விட்டேன். அந்த நாட்களில் மேடத்திடம் கேட்டு ஸ்டெரிலைசர் பக்கம் ஒதுங்கிக்கொண்டேன். தோலுக்கே லேசான அமிலத் தன்மை உண்டு, சோடா அதற்கு நேர்மாறு. அள்ளிப் போட்டால் தோல் சும்மா இருக்குமா? ஒரு பங்கு சோடாவுக்கு மூன்று பங்கு கார்ன்ஃப்ளோர் கலந்து பழைய பவுடர் டப்பாவில் போட்டேன். முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்தேன். அரிக்கவில்லை.

சனிக்கிழமை அக்குளை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு சிட்டிகை ஒற்றிக்கொண்டு போய், புதுப் பவுடர் என்று மேடத்திடமும் சொன்னேன். நீளமான ரூட் கெனால் கேஸ், காலேஜ் பையன். பாதியில் கரண்ட் போயிற்று. என் முதுகில் வேர்வை வழிந்தது. லைட்டைத் திருப்பக் கையைத் தூக்கும்போதெல்லாம் பையனின் மூக்கையே பார்த்தேன். அது சுருங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனிடமிருந்து குறட்டை வந்தது.

"ரூட் கெனால்ல தூங்கறவனை இப்பத்தான் பாக்கறேன்," என்றார் மேடம்.

பையன் போனபின் நான் வாஷ்பேசினில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். மேடம் வந்து கதவைச் சாத்தினார். போன் பக்கம்தான் அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தப் பவுடர்ல மிச்சம் இருக்கா?"

"எதுக்கு மேடம்?"

"எதுக்குன்னா? சென்ட் வேண்டாம்னு எல்லாருக்கும் சட்டம் போட்டேனே. இந்த ஃபுல் ஸ்லீவ் கோட்டுக்குள்ள நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். திங்கட்கிழமை எடுத்துட்டு வா. நேரா சேர் பக்கம் வந்துடு."

சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். இது வேர்வையை நிறுத்தாது, வாடையைத்தான் அடக்கும். வாக்ஸிங் செய்த அன்றும் மறுநாளும் வேண்டாம். எரிந்தாலோ சிவந்தாலோ கழுவிவிட்டு நிறுத்திவிடுங்கள், எல்லாத் தோலுக்கும் ஒத்துக்கொள்ளாது. துணிக்குப் போடும் சோடா வேறு, அதைத் தொடவே தொடாதீர்கள்.

ஆனால் நான் கற்றது சோடாவைப் பற்றி மட்டும் இல்லை. கர்ச்சீஃப் வைத்த அம்மாளுக்கு முன்னால் எத்தனையோ பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்திருப்பார்கள். நாகரிகம் என்று நினைத்து ஒருவரும் சொல்லவில்லை. மேடம் முகத்துக்கு நேரே சொன்னார், அதனால்தான் நான் வழி தேடினேன். கூட வேலை செய்கிறவளிடம் வாடை வந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். முகம் வாடும்தான். வேலை போவதைவிட அது பரவாயில்லை.