பெற்றோல் கேனை இறக்கி வைத்தவர்

ஆவி, பேய் என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்பப் போவதில்லை, பரவாயில்லை. ஆனால் இது பட்டப்பகலில், மண்முனைப் பாலத்துக்குக் கிட்ட, வாவிக் கரையில் எனக்கு நடந்தது.

நான் ஓட்டுகிற வேன் என் அக்காவின் கணவர் தயாபரன் அத்தானுடையது. பழைய பெற்றோல் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் காஸ் அடுப்பும் பூட்டி, பாசிக்குடாவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர் படுத்துறங்கி ஊர் சுற்றுகிற வண்டியாக மாற்றினார். பெற்றோல் தட்டுப்பாட்டில் பட்ட பாட்டுக்குப் பிறகு, மேலதிகமாக ஒரு கேன் இல்லாமல் தூரம் போக அவருக்குத் துணிவு வரவில்லை. அந்தக் கேனுக்காகவே பின்கதவுக்கு வெளியே காற்றோட்டமான இரும்புக் கூடு ஒன்றை வெல்டிங் பண்ணி ஒட்டினார்.

"தம்பி, மனுசர் படுக்கிற இடத்துக்குள்ள பெற்றோல் வரப்படாது. கழுத்து மட்டும் நிரப்பாத, சூட்டுக்கு ஊதும். நிரப்பக்கொள்ள கீழ இறக்கி நிலத்தில வெச்சு நிரப்பு." ஒவ்வொரு பயணத்துக்கும் இதையே சொல்லுவார், எனக்குச் சலித்துவிடும்.

பிறகு நான் கட்டாருக்கு வேலைக்குப் போனேன். போய் ஒரு வருசம் ஆகவில்லை, அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். லீவு தரவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனதைக் கூடத் தொலைபேசியில்தான் பார்த்தேன், அதுவும் நடுவில் படம் நின்று நின்று வந்தது. அந்தக் கவலை இப்போதும் நெஞ்சுக்குள் கிடக்கிறது. திரும்பி வந்து வேனை நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஒரு வெளிநாட்டுக் கணவன் மனைவியும் அவர்களுடைய கைக்குழந்தையும். கொக்கட்டிச்சோலைக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், மர நிழல் ஒன்றில் வேனை நிறுத்தினேன். கரையில் ஒரு தோணி வந்து இறால் இறக்கிக்கொண்டிருந்தது. வாங்கி வருகிறேன் என்று நான் இறங்கிப் போக, கணவனும் படம் எடுக்க என்னோடு இறங்கிப் பாலத்தடிப் பக்கமாகப் போய்விட்டார். கோயிலடியில் நான் இல்லாத நேரம் அவர் செய்த வேலை எனக்குத் தெரியாது. கேன் வெயிலில் காய்கிறதே என்று பயந்து, நல்லெண்ணத்தில், அதைக் கழற்றி உள்ளே கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார்.

இறாலைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். வேனின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு அடி. டம், டம். நான் வேனைப் பின்னுக்கு எடுக்கும்போது "நிப்பாட்டு" என்பதற்கு அத்தான் அடிக்கிற அதே அடி. பையைப் போட்டுவிட்டு ஓடினேன். ஓடும்போது எதிரே சாரம் கட்டிய ஒருவர் வாவிப் பக்கமாக நடந்து வந்தார், தோளோடு தோள் உரசாத குறை. நான் முகத்தைப் பார்க்கவில்லை. கண் முழுக்க வேனில்தான் இருந்தது.

பெற்றோல் நெடி மூக்கைப் பிடுங்கியது. கதவுகள் எல்லாம் ஆவென்று திறந்து கிடந்தன. கேன் வெளியே புல்லில் நிமிர்ந்து நின்றது, மூடியோரம் கசிந்து ஈரம். அந்தப் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றாள். குழந்தைக்குப் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைக்கப் போனாளாம். தடிமனால் மூக்கடைத்து அவளுக்கு மணம் தெரியவில்லை. உங்களுடைய ஆள் சரியான நேரத்துக்கு வந்தார், கையிலிருந்த லைட்டரை வாங்கினார், எங்களை இறக்கினார், கேனையும் தூக்கி வெளியே வைத்தார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

"எனக்கு ஆள் யாரும் இல்லை" என்றேன்.

அவள் வாவியைக் காட்டினாள். திரும்பிப் பார்த்தேன். கரையில் தோணிக்காரர் மட்டும் நின்றார். இங்கிருந்து வந்த ஆள் எந்தப் பக்கம் போனார் என்று அவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"இதால ஒராளும் வரல்ல தம்பி, நீங்கதானே ஓடினீங்க" என்றார் அவர்.

நம்பினால் நம்புங்கள். ஒரு தரம் முகத்தை நிமிர்த்தியிருந்தால் போதும். கட்டாரில் இருந்து பார்க்கக் கிடைக்காத முகம், ஒரு முழத் தூரத்தில் என்னைத் தாண்டிப் போயிருக்கிறது.

போகும்போது அவர் ஏதோ சொன்னார், அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தப் பெண் கேட்டாள். சொல்லிக் காட்டச் சொன்னேன். இரண்டு மூன்று தரம் முயன்று, "வாறன்" என்றாள்.

இதை நான் அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"போயித்து வாறன் எண்டா சொன்னவர், இல்ல வாறன் எண்டு மட்டுமா?"

"வாறன் எண்டு மட்டும்தான் அக்கா."

அன்றிலிருந்து அவள் வாசல் கேற்றைப் பூட்டுவதில்லை.