பிணமாக நடித்த அண்ணன்

எங்கள் வியாசர்பாடித் தெருவில் எடுத்த படத்தைப் போன வாரம் அண்ணியோடு போய்ப் பார்த்தேன். கதை என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். சாவு வீட்டுக் காட்சியில் எங்கள் வீட்டு வாசலில் மாலை போட்டு நாற்காலியில் சாத்தி வைத்திருந்த பிணம் என் அண்ணன்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுபவனை, முகவெட்டு பிடித்துப்போய் நடிக்கக் கூப்பிட்டார்கள். காட்சி முடிந்ததும், "எழுந்து கேமராவ பாத்து சிரிங்கண்ணே, தோஷம் போவட்டும்" என்றார்கள். பிணமாக நடித்தவரைச் சிரிக்க வைத்துப் படம் பிடிப்பது சினிமாக்காரர்கள் வழக்கமாம். நெற்றியில் ஒட்டிய காசு உதிர்ந்து விழ, அண்ணன் சிரித்தான். தெருவே சேர்ந்து சிரித்தது.

படம் வருவதற்குள் நிஜமாகவே செத்துப்போனான். அதே வாசலில் அப்படியே நாற்காலியில் சாத்தி வைத்தோம்.

தியேட்டரில் பின்வரிசையில் ஒருவன், "பொணம் இன்னாமா நடிக்குது மாமு!" என்றான். எழுந்து அறையலாம் போலிருந்தது. அண்ணி அழவில்லை. படம் முடிந்து, பெயர்கள் ஓடி, விளக்கும் போட்டுவிட்டார்கள்.

"கிளம்பலாம் அண்ணி."

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இரு நைனா. உங்கண்ணன் சிரிச்சாரே, அது இன்னும் வர்லியே."