நெவில் க்ரோவர்ட் குறை சொல்லப் பழகியது

"வலிக்குதுன்னு நான் சொல்லிக் கேட்ட ஆள் இன்னும் பொறக்கல" என்று நெவில் க்ரோவர்ட் எங்கள் ஊர் மதுக்கடையில் பிரகடனம் செய்தபோது ஒருவரும் மறுக்கவில்லை. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் கிடா முட்டி விலா எலும்பு முறிந்த அன்று, கிடாவுக்கு ஏதும் ஆயிற்றா என்று விசாரித்த மகான் அவர்.

அந்த மகத்துவம்தான் அவரைக் கவிழ்த்தது. வாழ்நாளெல்லாம் குனிந்த முதுகு ஒருநாள் வேலைநிறுத்தம் அறிவித்தது. ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்தார். அதிகாரி போனில் நலம் விசாரிக்க, நல்லாத்தான் இருக்கேன் என்றார் நெவில். எங்கள் பக்கத்தில் சவப்பெட்டிக்குள் இருப்பவரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். அதிகாரி வெளியூர்க்காரர் போலும், அப்படியே நம்பி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

இனி மேல்முறையீடு. விசாரணையும் போனிலேயே. தோற்றால் மறுபடி வேலைக்குப் போயாக வேண்டும். இங்கே வேலை என்றால் கொட்டகை, கொட்டகை என்றால் குனிவது.

நெவிலுக்குச் சோறு இறங்கவில்லை. எதிரில் ஆள் இருந்தால் ஒரு பீர் வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம். முகமில்லாத குரலை என்ன செய்வது? போன் அடித்தாலே உடம்பு தூக்கிப்போட்டது. காப்பீடு விற்க அழைத்த பையனிடம் 'ஐயா, ஐயா' என்று குழைந்திருக்கிறார்.

மனைவி ஷெரில் ஒத்திகைக்கு ஏற்பாடு செய்தாள். அவள் கோழிக்கூண்டருகே நின்று நீதிபதியின் குரலில் அழைப்பாள். அவர் சமையலறையில் எடுப்பார். எப்படி இருக்கீங்க என்றதும், "நல்லாத்தான் இருக்கேன், நீங்க?" என்றார். துண்டித்தாள். மறுபடி அழைத்தாள், மறுபடியும் அதே பதில். அடுத்த முறை "கொஞ்சம்..." என்று வீரமாகத் தொடங்கி, மழை வரும்போல இருக்கிறது என்று முடித்தார்.

ஷெரில் உள்ளே வந்தாள்.

"வலிக்குதுன்னு சொல்லித் தொலையேன் நெவ். என்ன, கெட்ட வார்த்தையா அது?"

"கெட்ட வார்த்தைன்னா எப்பவோ சொல்லியிருப்பேனே."

அவள் சிரிக்கவில்லை. "தோத்துட்டா உன்னை அந்தக் கொட்டகைல விட்டுட்டு வரணும். என்னால முடியாது."

விசாரணை நாளன்று, குரைத்துக் கெடுத்துவிடக் கூடாதென்று வீட்டு நாயைக் கொல்லையில் கட்டினார்கள். சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, நெவில் தேவாலயத்துக்குப் போட்டுப்போகும் சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக, "வணக்கம் மிஸ்டர் க்ரோவர்ட். எப்படி இருக்கீங்க?" என்றது.

"நல்லாத்தான் இருக்கேன், நீங்க?"

ஷெரில் கண்ணை மூடிக்கொண்டாள். மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். எழுதிக்கொள்கிறார்கள் என்று தோன்றியது நெவிலுக்கு.

"சரி. இன்னிக்குக் காலைல எழுந்ததுலேர்ந்து என்ன பண்ணீங்க, சொல்லுங்க."

இந்தக் கேள்விக்கு ஒத்திகை நடக்கவில்லை. நெவில் தன் கால்களைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாக்ஸ் அவதான் மாட்டிவிட்டா" என்றார், பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத குரலில். "அதுக்கு முன்னாடி... கழிப்பறைல உக்காந்தவன், எழுந்திருக்க முடியல. அவளைக் கூப்பிடப் பிடிக்கல. ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். அப்புறம் கூப்பிட்டேன்."

"ம், சொல்லுங்க" என்றது குரல்.

"அழுதுட்டேன், மேடம். அவ்வளவு வலி."