படபடப்பு வரட்டும் என்று ஜெபித்தேன்

அந்த எண்ணம் எனக்கு ஜெபத்தின் நடுவில்தான் வந்தது. தென்காசியில் எங்கள் வீட்டில் சபையார் கூடி எனக்காக உபவாச ஜெபம் நடத்திக்கொண்டிருந்தார்கள். "என் பிள்ளைக்கு அந்தப் படபடப்பு இனி வரவே கூடாது ஆண்டவரே" என்று அம்மா அழுதாள். எல்லாரும் ஆமென் என்றார்கள். எனக்கு மட்டும் வாய் எழவில்லை. வரட்டுமே! ஒரே ஒரு தரம், டாக்டரின் கண் முன்னாலேயே வரட்டுமே!

ஏன் இப்படி நினைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன், பிரியமானவர்களே.

முந்தின வருஷம் சாரல் காலத்தில் குற்றாலம் போயிருந்தோம். ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு, கரையில் கிடந்த துண்டை எடுக்கக் குனிந்தேன். நெஞ்சுக்குள் யாரோ தையல் மிஷினை முழு வேகத்தில் மிதித்த மாதிரி இருந்தது. கழுத்து நரம்பு துடித்தது. கண் இருட்டியது. அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் 'டக்'கென்று நின்றது. எழுந்து நடந்தேன். சூடாக பஜ்ஜிகூடத் தின்றேன்!

அதற்கப்புறம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்து பொறுக்கக் குனிந்தால் வரும். சில நாள் சும்மா இருக்கும்போதே வரும். குதிரை வண்டி பிடித்து டாக்டரிடம் ஓடுவோம். வண்டி வாசலில் நிற்பதற்குள் அது நின்றுவிடும். "என்ன செய்யுது?" என்று டாக்டர் கேட்பார். "படபடன்னு வருது" என்பேன். அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. பயந்தாலும் படபடப்பு, பரீட்சை வந்தாலும் படபடப்பு என்றுதானே சொல்கிறோம்? "பரீட்சைக்குப் பயப்படுதியோ தம்பி?" என்று சிரித்து அனுப்பிவிடுவார். அருவிக்கரையில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டேன் என்றார்கள் அக்கம்பக்கத்தார். என் கூட்டாளி செல்லையா "ஏலே படபடப்பு, இங்கன வாலே" என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டான்.

அதையெல்லாம் தாங்கினேன். பாளையங்கோட்டையில் பி.யூ.சி.க்கு இடம் கிடைத்த பிறகுதான் இடிந்துபோனேன். "என்ன நோவுன்னு தெரியாம ஒன்ன ஹாஸ்டலுக்கு அனுப்ப மாட்டேன். அங்கன விழுந்து கெடந்தா யாரு பாப்பா?" என்றாள் அம்மா. கல்லூரி திறக்கச் சில நாட்களே இருந்தன. படிப்பே போய்விடும் போலிருந்தது.

உபவாச ஜெபம் முடிந்ததும் என் மனதில் பட்டதை அம்மாவிடம் சொன்னேன்.

"வாயக் கழுவுலே! நோயத் தாரும்னு எவனாவது ஜெபம் பண்ணுவானா?"

"நோயக் கேக்கலம்மா. இருக்கிறத டாக்டருக்குக் காட்டும்னுதான் கேக்கேன்."

அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் தனியே முழங்காலில் நின்று அப்படியே கேட்டேன். அலங்காரமாக ஒரு வார்த்தைகூட இல்லை.

மறுநாள் காலை அம்மாவோடு டாக்டரிடம் போனேன். நாடி பார்த்தார். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். "ஒண்ணுமே இல்லம்மா. வெறும் பயம்" என்றார். என் முகம் தொங்கிப்போயிற்று. வெளியே வந்து, வாசலில் விட்டிருந்த செருப்பின் வாரை மாட்டக் குனிந்தேன்.

வந்துவிட்டது!

"வந்துட்டு டாக்டர்! வந்துட்டு! ஸ்தோத்திரம்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினேன். "பாவம், லெச்சணமான பிள்ளை. கிறுக்கு புடிச்சிட்டே" என்றாள் பெஞ்சியில் இருந்த ஓர் ஆச்சி.

டாக்டர் குழலை வைத்தார். அவர் சிரிப்பு மறைந்தது. "எண்ணவே முடியலியே! இது பயம் இல்லம்மா. நெசமாவே இதயம்தான் இந்த ஓட்டம் ஓடுது." அந்த ஓட்டத்திலும் எனக்குக் கண் கலங்கியது. கடைசியில் ஒருவர் நம்பிவிட்டார்!

"தம்பி, மூச்சப் புடிச்சிக்கிட்டு நல்லா முக்கு" என்றார் அவசரமாக.

பக்கத்து ஸ்டாண்டில் கை கழுவ ஒரு பேசின் இருந்தது. கம்பவுண்டர் அப்போதுதான் பானைத் தண்ணீரை அதில் நிரப்பியிருந்தார். சில்லென்ற தண்ணீர். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது வரைக்கும் முகத்தை முக்கிவிட்டேன். "இன்னும் நல்லா முக்குலே!" என்று அம்மா பின்னாலிருந்து தலையை அமுக்கினாள். "ஐயோ, அந்த முக்கு இல்லம்மா!" என்று டாக்டர் அலறியது தண்ணீருக்குள்ளேயே கேட்டது.

அந்த நொடியில் 'டக்'கென்று நின்றது.

தலையைத் தூக்கினேன். டாக்டர் மறுபடி குழலை வைத்துக் கேட்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "வயித்த இறுக்கி முக்கச் சொன்னேன், நீ தண்ணியில முக்குத! குளுந்த தண்ணிக்கும் இது நிக்கும்னு படிச்சிருக்கேன். இன்னைக்குத்தான் கண்ணால பாக்கேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் பழுது எதுவும் இல்லை. அவ்வப்போது தடம் மாறி ஓடுகிறது, அவ்வளவுதான். வந்தால் உட்கார்ந்து முக்க வேண்டும், நிற்காவிட்டாலோ மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். அம்மா தானே என் பெட்டியை அடுக்கினாள். அடுக்கும்போதே, "நான் எடுத்துப்போடும்னு கேட்டேன். நீ காட்டிரும்னு கேட்ட. அவரு ஒன் பக்கம்லா சாஞ்சிட்டாரு" என்று சிரித்தாள்.

இதை ஹாஸ்டலில் இருந்துதான் எழுதுகிறேன். படபடப்பு இன்னும் எப்போதாவது வருகிறது. பயம் வருவதில்லை. என் ஆண்டவர் நோயை ஒரே நாளில் எடுத்துப்போடவில்லை. அது இன்னதென்று எனக்குத் தெரியப்படுத்தினார், அதோடு வாழவும் படிக்கவும் வழி திறந்தார். அவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தீராது. உங்களுக்குள்ளும் யாரும் நம்பாத ஒரு வேதனை இருக்கலாம். அதை மூடி வைக்காதீர்கள். வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும் என்று துணிந்து கேளுங்கள். கேட்டுப் பாருங்கள், எனக்குச் செய்தவர் உங்களுக்கும் செய்வார்.

இந்த வருஷம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போடப்போகிறேன். கெமிஸ்ட்ரிதான் கொஞ்சம் இடிக்கிறது. அதையும் ஆண்டவரிடம் மறைக்காமல் சொல்லியாயிற்று. நீங்கள் எனக்காக ஜெபியுங்கள். நான் போய்ப் படிக்கிறேன்.