மாரியம்மா கழற்றிய மட்கார்டு

கோவில்பட்டியில் நான் வெல்டிங் பட்டறை வைத்திருந்த காலம். இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் விளங்காத மாரியம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்வர, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றை நானே யோசித்துச் செய்து கொடுத்தேன். சேலையில் சேறு தெறிக்காமல் இருக்கச் சக்கரங்களை ஒட்டி மட்கார்டு வைத்ததில் எனக்கு ஏகப் பெருமை.

ஐப்பசி மழை தொடங்கிய வாரமே, மட்கார்டுகளைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"உனக்கெல்லாம் நல்ல பொருளோட அருமை தெரியாது!" என்று கத்தினேன்.

"மண்ணு அப்பிச் சக்கரம் சுத்த மாட்டேங்குது அண்ணாச்சி. எங்க ஊர்ப் பாதையில நீங்களே ஓட்டிப் பாருங்க."

வீம்புக்கு மட்கார்டுகளைத் திரும்ப மாட்டி, அவளைப் பட்டறையில் உட்காரவைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனேன். தார் ரோட்டிலிருந்து அவள் ஊர்க் கரிசல் மண் பாதையில் இறங்கிப் பத்தடி போகவில்லை. மட்கார்டுக்குள் மண் அடைத்துச் சக்கரம் இறுகிவிட்டது. மழைக்காலத்தில் காட்டு வேலைக்குப் போகும் சம்சாரிகள் சைக்கிள் மட்கார்டைக் கழற்றிவிடுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான்! "சனியன் பிடிச்ச வண்டி" என்று திட்டிக்கொண்டே கீழே குதித்தேன்.

குதித்த பிறகுதான் உறைத்தது. அவளால் குதிக்க முடியாது.

மட்கார்டைக் கழற்றுவதற்கு முன், சக்கரம் இறுகி வழியில் நின்ற அன்று அவள் எவ்வளவு நேரம் மழையில் அப்படியே உட்கார்ந்திருந்தாள் என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.